விளக்கு அணைப்புத் துணைக்குழு

மனித குலம் இதுவரை கண்டுபிடித்த பாதுகாப்புச் சாதனங்களில் தலைசிறந்தது கூட்டம். தலைக்கவசம் போட்டவன் செத்திருக்கிறான். சீட் பெல்ட் மாட்டியவன் கால் முறிந்து கிடந்திருக்கிறான். ஆனால் பாதுகாப்புக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது அடிபட்டு இறந்தவர் என்று இன்றுவரை ஒருவரையும் காட்ட முடியாது. தூங்கியவர்கள் உண்டு. பஜ்ஜி தொண்டையில் அடைத்து இருமியவர் ஒருவர் உண்டு, அவரும் பிழைத்துக்கொண்டார்.

இந்தப் பேருண்மையை நெய்வேலியில் முதலில் உணர்ந்த நிறுவனம் அகழ்மணி அசோசியேட்ஸ். சுரங்கத்துக்கு ஆள் ஏற்றிப்போவது, பம்பு பழுது பார்ப்பது, மண்மேட்டில் மரக்கன்று நடுவது என்று அதற்குப் பல காண்ட்ராக்ட்கள். வாரத்தில் மூன்று பாதுகாப்புக் கூட்டம், மீதி நாட்களில் அந்தக் கூட்டங்களுக்கான ஆயத்தக் கூட்டம். இடையில் கிடைக்கும் நேரத்தில் வேலையும் நடந்தது.

அங்கே டிரைவராக இருந்தான் செங்குட்டுவன். கம்மாபுரம் பக்கத்து ஆள். அப்பா காலம்வரை அடுத்தவர் வயலில் கூலி. இவன் தலைமுறையில்தான் லைசென்ஸும் பெயர் தைத்த சட்டையும் வீட்டுக்குள் வந்தன. பதினோரு வருடமாகக் காண்ட்ராக்ட் டிரைவர். அதாவது காண்ட்ராக்டில் மட்டும் அவன் பர்மனென்ட்.

அவன் ஓட்டியது பதினான்கு வயதான ஒரு வெள்ளை பிக்கப். முன்னாலும் பின்னாலும் சீட், அதற்குப் பின்னால் சாமான் தொட்டி. தினமும் காலை ஷிப்டுக்கு ஆறு தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு சுரங்கத்துக்குப் போகும். ஆறு வருடமாக அவன் கையில் இருந்தது. ஸ்டியரிங் நடுவில் மூன்று ஆங்கில எழுத்துப் பொறித்திருக்கும். உள்ளே காற்றுப்பை இருக்கிறது என்று அர்த்தம். “நம்ம வண்டியில பை இருக்கு, நீ ஏன் பயந்துகினு கெடக்கற?” என்று மனைவி செவ்வந்தியிடம் அவன் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான்.

ஒரு வியாழக்கிழமை காலை சாவியைத் திருகியதும் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. எஞ்சின் ஓடத் தொடங்கியும் அணையவில்லை. செங்குட்டுவன் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, விதிப்படி பாதுகாப்பு மேலாளர் மருதாசலத்திடம் காட்டினான். விதிப்படி அவர் உடனே செய்ய வேண்டியதைச் செய்தார். கூட்டம் கூட்டினார்.

மருதாசலம் கோவைப் பக்கத்துக்காரர். முப்பத்தொரு வருடம் சுரங்க நிறுவனத்தில் வேலை பார்த்து, அதன் டவுன்ஷிப்பிலேயே வாழ்ந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அகழ்மணியில் சேர்ந்து ஐந்து வருடமாகிறது. நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசியதில்லை, எதையும் தடுத்ததுமில்லை.

“அதென்னுங்க தம்பி படம்?” கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்.

“ஒரு ஆளு உக்காந்துகினு இருக்காரு சார். முன்னாடி பெருசா ஒரு பந்து.”

கணக்குப் பிரிவு ஜெயகணேஷ் குனிந்து பார்த்தார். “கர்ப்பிணிங்க ஏறக் கூடாதுன்னு போட்டிருப்பான்.”

“இல்ல சார், இது தர்பூசணி,” என்றார் ஸ்டோர்ஸ் அருண்பிரசாத். “வண்டிக்குள்ள சாப்பிடக் கூடாதுன்னு அர்த்தம்.”

“ஏர்பேக் சார்,” என்றான் செங்குட்டுவன். “வண்டி மோதினா ஸ்டியரிங்குலேந்து காத்தடிச்சிகினு வெளிய வந்து நெஞ்ச தாங்கிக்கும். அதுல ஏதோ கோளாறுன்னு சொல்லுது.”

“கோளாறு பையிலயா, விளக்குலயா?” என்று கேட்டார் மருதாசலம்.

“பையிலதான் இருக்கும். விளக்கு நல்லாத்தான் எரியுது.”

“அதுதானுங்க பிரச்சினையே! எரியுது பாருங்க!”

அப்போது உள்ளே வந்தார் உரிமையாளர் சிவக்குமார். எல்லோருக்கும் அவர் ‘எம்.டி. சார்’. அடுத்த புதன்கிழமை முதல் சுரங்க வாயிலில் வாகனச் சோதனை. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும் வண்டி எதுவானாலும் திருப்பி அனுப்பப்படும் என்ற சுற்றறிக்கை அவர் கையில் இருந்தது.

“அதுக்குள்ள விளக்கு அணைஞ்சிருக்கணும்,” என்றார். “எப்படிங்கறது உங்க பாடு.”

கூட்டம் உடனே கடமையில் இறங்கியது. ‘விளக்கு எரிதல்’ ஆழ்ந்த கவலையுடன் பதிவு செய்யப்பட்டது. விளக்கு எரிந்ததற்கு டிரைவர் விளக்கம் தர வேண்டும் என்று முடிவாயிற்று. மருதாசலம் தலைமையில், ஜெயகணேஷும் அருண்பிரசாத்தும் உறுப்பினர்களாக, ‘விளக்கு அணைப்புத் துணைக்குழு’ அமைக்கப்பட்டது. பையைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை. அது துணைக்குழுவின் அதிகார எல்லைக்குள் வரவில்லை.

துணைக்குழு மின்னல் வேகத்தில் செயல்பட்டது. வெள்ளிக்கிழமை, விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டப்பட்டது. குறிப்பேட்டில் இதன் பெயர் ‘தற்காலிகப் பார்வைக் கட்டுப்பாடு’. மதியம் வெயிலில் பசை இளகி டேப் தொங்கியது. விளக்கு முன்பைவிடப் பளிச்சென்று தெரிந்தது; டேப் அதன் தூசியைத் துடைத்துவிட்டிருந்தது. சனிக்கிழமை காலை, பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினார்கள். கடிகாரம் பன்னிரண்டுக்குப் போனது, ரேடியோ தன் நிலையங்களையெல்லாம் மறந்தது. விளக்கு மட்டும் எதையும் மறக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் செங்குட்டுவன் யாரிடமும் கேட்காமல் வண்டியை மந்தாரக்குப்பத்துக்கு விட்டான். அங்கே ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தாள் பிரபாவதி. டிப்ளமா முடித்து, அப்ரண்டிஸ் முடித்து, வேலைக்குக் காத்திருந்து அலுத்துப்போய்த் தானே கடை போட்டவள். கூட்டம் போடாமல் பழுது பார்க்கும் தவறான பழக்கம் அவளிடம் இருந்தது. அதனால்தானோ என்னவோ, இதுவரை அவளுக்கு எந்தக் கேடயமும் கிடைத்ததில்லை.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த சாக்கெட்டில் ஸ்கேனரைச் சொருகிப் படித்தாள். “டிரைவர் பக்கத்து பைக்குப் போற லைன் எங்கியோ அறுந்து கெடக்குதுண்ணே. சீட்டுக்கு அடியில, பம்பருகிட்ட எல்லாம் சரியா இருக்குது. ஹாரன் அடிங்க.”

அடித்தான். அடித்தது.

“ஸ்டியரிங் திரும்பும்போது கூடவே சுத்தற மாரி உள்ள ஒரு சுருள் ஒயர் இருக்கும். பைக்கும் ஹாரனுக்கும் அது வழியாத்தான் கரண்ட் போவும். அதான் இந்த வண்டிங்கள்ள அடிக்கடி போற ஐட்டம். ஹாரன் அடிக்கறதால அதுவும் நல்லாத்தான் இருக்கும்னு தோணுது. பையத்தான் கழட்டிப் பாக்கணும்.”

பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

“என்னாம்மா, உக்காந்துட்ட?”

“பத்து நிமிஷம் ஆவட்டும். பேட்டரிய எடுத்தாலும் உள்ள கொஞ்சம் கரண்ட் தேங்கி நிக்கும். தெரியாம தொட்டா பை வெடிச்சி மூஞ்ச பேத்துடும்.”

பத்து நிமிடம் கழித்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கின் நடு மூடியை மெதுவாக நெம்பினாள். மூடி பிசின் போட்டு ஒட்டப்பட்டிருந்தது. அவள் புருவம் சுருங்கியது. இன்னும் கொஞ்சம் நெம்பினாள். மூடி கையோடு வந்தது.

உள்ளே பை இல்லை.

பை இருக்க வேண்டிய குழியில் எட்டாக மடித்த பிளெக்ஸ் துணி ஒன்று திணிக்கப்பட்டிருந்தது. பைக்குப் போக வேண்டிய இரண்டு ஒயர்களுக்கு நடுவே அரிசி மணி அளவில் ஏதோ ஒன்று, ஒரு கால் ஒடிந்து தொங்கியது.

“இது ரெசிஸ்டருண்ணே,” என்றாள் பிரபாவதி. குரல் இறங்கியிருந்தது. “வண்டி கம்ப்யூட்டர் அப்பப்ப ‘பை இருக்கா’ன்னு கேக்கும். இது ‘இருக்கேன், இருக்கேன்’னு பதில் சொல்லிகினு இருந்திருக்கு. பத்தவெச்ச எடம் விட்டுப்போச்சி. பொய் அறுந்துடுச்சி, விளக்கு எரியுது. அவ்ளோதான்.”

செங்குட்டுவன் பிளெக்ஸை உருவி விரித்தான். ‘பாதுகாப்பே எங்கள் மூச்சு. பாதுகாப்பு வாரம் 2019. அகழ்மணி அசோசியேட்ஸ்.’ கீழே எம்.டி. சார் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். மடித்து வைத்ததில் முகத்தில் மட்டும் கொஞ்சம் சுருக்கம்.

ஆறு வருடமாகத் தன் நெஞ்சுக்கு ஒரு முழம் முன்னால் இருந்தது இதுதானா? பிரபாவதி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். புதுப் பை வாங்கி வந்தால் மாட்டித் தருவதாகச் சொன்னாள். “இந்த ரெசிஸ்டர மட்டும் பத்தவெக்கச் சொல்லாதீங்கண்ணே. அத்த என் கையால செய்ய மாட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை அவன் சேத்தியாத்தோப்புக்குப் பஸ் ஏறினான். அதே வண்டியை அவனுக்கு முன்னால் ஓட்டியவர் சாமிக்கண்ணு. இப்போது மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் எடை போடுகிறார். செங்குட்டுவனுக்கு மாமா முறை.

“அந்த வண்டியில பை இருந்துச்சா மாமா?”

“இருந்துச்சா மாப்ள! அதாலதான் நான் இன்னிக்கி வெங்காயம் நிறுத்துகினு இருக்கேன்.” தராசை விட்டு எழுந்து வந்தார். “2019ல, நின்னுகினு இருந்த லாரியில போய் வுட்டுட்டேன். டொப்புனு வெடிச்சி வந்து மூஞ்சில அறைஞ்சிது பாரு, மூக்குல ரத்தம், ஒரு வாரம் காது கேக்கல. நெஞ்செலும்பு ஒண்ணுகூட ஒடையல.”

“கம்பெனியில என்னா சொன்னாங்க?”

“மெமோ குடுத்தாங்க.”

“மோதினதுக்கா?”

“அதுக்குத் தனியா ஒண்ணு. இது பைக்கு. ‘நிறுவனத்துக்குச் சொந்தமான காற்றுப்பை ஒன்றை முன் அனுமதியின்றிப் பயன்படுத்தித் தீர்த்ததற்கு’ வெளக்கம் கேட்டு. சொந்த உபயோகமாம்! ‘ஐயா, உயிர் போற அவசரத்துல பர்மிஷன் கேக்கத் தோணல’ன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தவன்தான். திரும்பிப் போவல.”

திங்கட்கிழமை காலை அவசரக் கூட்டம். செங்குட்டுவன் மேஜைமேல் பிளெக்ஸை விரித்தான். எம்.டி. சார் தன்னையே பார்த்தார். மின்விசிறி மட்டும் பிளெக்ஸின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

“நல்ல குவாலிட்டி சார்,” என்றார் ஜெயகணேஷ் கடைசியில். “இத்தன வருஷத்துக்குக் கலரே போகல.”

“நான் அப்ப இங்க இல்லீங்க,” என்றார் மருதாசலம். அவர் முகத்தில் நெடுநாள் காணாத நிம்மதி படர்ந்தது.

“இப்ப என்ன, பை வேணும். அவ்வளவுதானே?” என்றார் எம்.டி. சார். “வரும். பையப் பைய வரும். இந்தப் பழைய மாடலுக்கு ஆர்டர் போட்டு வரவைக்கணும். வண்டி விக்கிற விலையில பாதி அதுக்கே போயிடும். புதன்கிழமைக்கு என்ன வழி?”

அருண்பிரசாத் தொண்டையைக் கனைத்தார். “சார், இத்தன வருஷம் விளக்கு எரியல. இப்ப எரியுது. எது மாறிச்சு? பை அப்பவும் இல்ல, இப்பவும் இல்ல. மாறினது அந்த ரெசிஸ்டர்தான். அப்ப பழுது எதுல? ரெசிஸ்டர்ல!”

சபை வியந்து போயிற்று. இவ்வளவு தெளிவான பழுதாய்வு அந்த அறையில் அதற்கு முன் நிகழ்ந்ததில்லை.

“அது பொய் சொல்றதுக்குன்னு வெச்ச சாமான் சார்,” என்றான் செங்குட்டுவன்.

“இருக்கட்டும். பொய்னா அதுக்கு ஒரு ஒழுங்கு வேண்டாமா?” என்றார் எம்.டி. சார். “பாதியில விட்டுப்போற மாதிரியா பத்தவைக்கிறது? இந்த தடவை நல்ல ஆளா பாத்துச் செய்யுங்க.”

நல்ல ஆள் கிடைத்தார். ரெசிஸ்டர் உறுதியாகப் பற்றவைக்கப்பட்டது. பிளெக்ஸ் மறுபடி எட்டாக மடிக்கப்பட்டு உள்ளே போனது. விளக்கு அணைந்தது. துணைக்குழுவினர் ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொண்டார்கள். ‘காற்றுப்பை அமைப்பு நல்ல நிலையில் உள்ளது’ என்ற சான்றிதழில் மருதாசலம் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

வராந்தாவில் செங்குட்டுவனைத் தனியே அழைத்தார். “வருத்தப்படாதீங்க தம்பி. எனக்கும் ரெண்டாவது பொண்ணு கல்யாணம் பாக்கி நிக்குதுங்க. நீங்க மோதாம ஓட்டுங்க. மோதலைன்னா பைக்கு வேலையே இல்லீங்களே?”

புதன்கிழமை காலை ஆறு பேரும் ஏறினார்கள். முன்சீட்டில் வழக்கம்போல் செல்லக்கிளி. மண்மேட்டில் மரக்கன்று நடும் குழுவில் வேலை. அவள் வாய்க்கு மேஸ்திரிகளே ஒதுங்கிப் போவார்கள்.

டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், முன்னால் போன டிப்பர் காரணமில்லாமல் நின்றது. செங்குட்டுவன் பிரேக்கின் மேல் ஏறி நின்றான். டயர் கதறியது. செல்லக்கிளியின் சாப்பாட்டுத் தூக்கு டேஷ்போர்டில் மோதிச் சாம்பார் தெறித்தது. டிப்பரின் பின்கதவு ஒரு கை நீளத்தில் இருந்தது. செங்குட்டுவனின் நெஞ்சு ஸ்டியரிங்கில் பதிந்திருந்தது. உள்ளே பிளெக்ஸ் நெரியும் சத்தம் சன்னமாகக் கேட்டது.

டிப்பர் போய்விட்டது. அவன் வண்டியை ஓரம் கட்டிச் சாவியை எடுத்தான். பிறகு கீழே இறங்கிக் குனிந்து, ஸ்டியரிங் தண்டுக்கு அடியில் இருந்த மஞ்சள் சாக்கெட்டைப் பிடித்து இழுத்தான். பைக்குப் போகும் லைன் அதுதான் என்று பிரபாவதி காட்டியிருந்தாள்.

“என்னாண்ணே பண்ற?” என்றாள் செல்லக்கிளி, புடவையில் சாம்பாரைத் துடைத்துக்கொண்டே.

சொன்னான். ஆறு பேருக்கும் கேட்கும்படி, ஒன்று விடாமல் சொன்னான்.

“அடப்பாவி! அப்ப இத்தினி வருஷமா எம்.டி. போட்டோவத்தான் கட்டிப்புடிச்சிகினு வண்டி ஓட்டினியா?”

“கேட்டுல நிறுத்திடுவாங்க. இன்னிக்கி உங்களுக்கு ஷிப்ட் போயிடும்.”

செல்லக்கிளி பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் இறங்கவில்லை. “ஒரு ஷிப்டுதான? போவுது. வண்டிய எடு.”

சாவியைத் திருகினான். சிவப்பு விளக்கு எரிந்தது.

சுரங்க வாயிலில் சோதனை அதிகாரி திலகவதி உள்ளே எட்டிப் பார்த்தார். சான்றிதழைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். “பை நல்லா இருக்குன்னு எழுதியிருக்கு. விளக்கு வேற சொல்லுது?”

“விளக்கு சொல்றதுதான் மேடம் சரி,” என்று செங்குட்டுவன், பிசின் இன்னும் இறுகாத ஸ்டியரிங் மூடியைத் தூக்கிக் காட்டினான். திலகவதி இரண்டு விரலால் பிளெக்ஸின் நுனியை இழுத்தார். எம்.டி. சாரின் ஒரு காது வெளியே வந்தது. மேற்கொண்டு இழுக்காமல் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, வண்டியைத் திருப்பி அனுப்பினார்.

மறுநாள் விசாரணைக் கூட்டம். ‘வாகனம் வெளியாரிடம் உண்மை பேசிய சம்பவம்’ மூன்று மணி நேரம் ஆராயப்பட்டது. செங்குட்டுவனை வேலையைவிட்டு அனுப்பலாம் என்று ஜெயகணேஷ் சொன்னார். சுரங்கத்துக்குள் ஓட்ட அனுமதி அட்டை உள்ள டிரைவர் வேறு யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் நிறுவனம் அவனைப் பெருந்தன்மையுடன் மன்னித்தது. அடிப்படைக் காரணம் விளக்குதான் என்று கூட்டம் ஒருமனதாகக் கண்டறிந்தது. விளக்கு என்ற ஒன்று இருப்பதால்தானே அது எரிகிறது? எரிவதால்தானே தெரிகிறது? ஆகவே இனி அகழ்மணி அசோசியேட்ஸ், அத்தகைய விளக்கே இல்லாத வாகனங்களை மட்டும் வாங்கும்.

பை வருவதற்குத்தான் நாளாகும் என்றார்களே தவிர, வண்டி ஒரே வாரத்தில் வந்துவிட்டது. வெள்ளை பிக்கப்பைத் தள்ளிவிட்டு, காற்றுப்பை என்ற பேச்சே இல்லாத காலத்தில் செய்த, இருபத்திரண்டு வயதான நீல பிக்கப் ஒன்றை எம்.டி. சார் பிடித்து வந்திருந்தார். புது பெயிண்ட். சந்தனம், குங்குமம், கதம்ப மாலை, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். பாதுகாப்புப் புரட்சி என்று அதை வர்ணித்துப் பேசினார். ஊழியர்கள் கை தட்டினார்கள்.

செல்லக்கிளி மட்டும் ஜன்னல் வழியாகத் தலையை விட்டுப் பார்த்தாள். “பெல்ட்டு இருக்குது. சொருவற எடத்தக் காணமே?” என்றாள். முன்சீட்டில் ஏறாமல் ஒதுங்கி நின்றாள். மற்ற ஐந்து பேரும் அவள் பக்கத்தில் போய் நின்றார்கள்.

முந்தின நாள் மாலை பிரபாவதி போன் செய்திருந்தாள். மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு பள்ளி வேனுக்கு டிரைவர் தேடுகிறார்களாம். சம்பளம் குறைவுதான், வேனை அவளே சோதித்துப் பார்த்தாளாம். செங்குட்டுவன் செவ்வந்தியிடம் மட்டும் சொல்லியிருந்தான். “போய்க் கேளு, இதுல என்னா யோசன?” என்று அவள் சொல்லிவிட்டாள்.

மருதாசலம் புது வண்டியின் சாவியை அவன் கையில் கொடுத்து, டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து, சாவியைத் தானே வாங்கித் திருகியும் காட்டினார். வண்டி இருமிவிட்டு ஓடியது. டேஷ்போர்டு இருட்டாகவே கிடந்தது.

“பாத்தீங்களா தம்பி! ஒரு விளக்காவது எரியுதுங்களா? ஒரு எச்சரிக்கை? ஒரு சத்தம்? பாதுகாப்புன்னா இப்படியல்லோ இருக்கோணும்!”

செங்குட்டுவன் எஞ்சினை அணைத்தான். சாவியை உருவி, அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினான்.

“ஆமாங்க சார். உள்ள உக்காந்துகினு இருக்கறவன் செத்தாக்கூட வாயத் தொறக்காது. இத்தப் போயி ஏன் சார் ரோட்டுல வுடறீங்க? சேஃப்டி மேனேஜராவே போட்டுடுங்க.”